நாலாம் நம்பரும் பதினைந்தாம் நம்பரும்

அக்காவுக்கு வாய்ச்சொல்லில் நம்பிக்கை கிடையாது. யாருடைய வாய்ச்சொல்லிலும் கிடையாது, தன்னுடையதையும் சேர்த்து. எதுவானாலும் காகிதத்தில் வர வேண்டும். கையால் எழுதியிருந்தால் பாதி மரியாதை. ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருந்தால் முக்கால். இயந்திரம் அடித்துத் தள்ளினால்தான் முழு மரியாதை. நான்கு வாரம் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த நான்கு வாரத்தில் அவர் வாயிலிருந்து அதிகமாக வந்த வாக்கியம், "ஒரு பிரிண்ட் எடுத்துக்கலாமாப்பா?" என்பதுதான்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் பாதிப் பேர் அவருக்குச் சொந்தம், மீதிப் பேர் அவரிடம் ரத்தம் கொடுத்தவர்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேப்பில் இருபது வருடமாக வேலை பார்த்தார். ஊசி குத்துமுன் மற்றவர்களைப் போல ஊர்க்கதை பேசி நம் கவனத்தைத் திருப்ப மாட்டார். "இப்ப வலிக்கும்" என்று சொல்லிவிட்டுக் குத்துவார். சொன்னபடியே வலிக்கும்.

எங்கள் பழக்கம் ஆஸ்பத்திரியில் தொடங்கியதல்ல. மனித மரபணுக்கள் முழுவதையும் படித்தாகிவிட்டது என்று பத்திரிகைகளில் முதல் பக்கத்தில் போட்ட புதிது. உயிரியலோடு கம்ப்யூட்டரையும் சேர்த்துப் படித்தால் அடுத்த விமானம் அமெரிக்காவுக்குத்தான் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்த நானும் அதை நம்பினேன். ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மே மாதம் நான்கு வாரம், மரபணுக்களை அலசும் மென்பொருள்களில் கோடைக்காலப் பயிற்சி என்று அறிவிப்பு வந்தது. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு அமெரிக்கா ஆசை, மீதிப் பேருக்கு அந்தக் கம்ப்யூட்டர் அறையின் ஏசி ஆசை. எனக்கு இரண்டும்.

ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். முதல் நாள் நான் தாமதமாகப் போனேன். எல்லாரும் ஜோடி சேர்ந்துவிட்டார்கள். கடைசி வரிசையில் நாற்பது வயதில், சுங்கடிப் புடவையும் இறுக்கிப் பின்னிய ஜடையுமாக ஒரு அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் ஃபைல். அவருடன் உட்கார யாருக்கும் மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை, ஆனால் வேறு இடமில்லை.

"உனக்கு டைப்பிங் வேகமா வருமாப்பா?" என்றார்.

"வரும்க்கா."

"அப்ப நீ அடி. நான் சரி பாக்கறேன்."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வேலைப் பிரிவினை. திரையில் ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள் ஆயிரக்கணக்கில் ஓடும். நான் ஒரு தட்டுத் தட்டி அடுத்ததற்குப் போகத் துடிப்பேன். அக்கா அதை அச்செடுத்து, ஸ்கேலை வைத்து வரி வரியாகச் சரிபார்ப்பார். அங்கிருந்த பிரிண்டர் பழைய ரகம். இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட காகிதத்தை இழுத்துக்கொண்டு கறகறவென்று கத்தும். அதைப் பார்த்துக்கொண்டவர், மூன்றாவது நாளிலிருந்து அக்கா எழுந்தாலே டீ குடிக்கப் போய்விடுவார். அக்கா வாசலில் நின்று காத்திருப்பார்.

எதற்கு இத்தனை காகிதம் என்று ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டேன். மோர் மிளகாயை என் டப்பாவுக்குத் தள்ளியபடி சொன்னார்.

"வாயால சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்கப்பா. எங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு ஜவுளிக்கடைக்காரரு வருவாரு. இனிப்பத் தொடாதன்னு டாக்டர் தலபாடா அடிச்சிக்குவாரு. 'ஆவட்டும் சார், ஆவட்டும் சார்'ன்னு சொல்லிக்கினே போயி ஜாங்கிரி தின்னுவாரு. ரிப்போர்ட் அடிக்கிற மிஷின் புதுசா வந்துச்சு. மொத ரிப்போர்ட் அவருக்குத்தான். அத்தப் பாத்தாரு, மடிச்சாரு, சாமி படத்துக்குப் பின்னால வெச்சாரு. அன்னியோட ஜாங்கிரி நின்னுது. அதே சக்கரைதான், அதே ரத்தம்தான். நான் கையால எழுதிக் குடுத்தப்ப ஏறாதது மிஷின் அடிச்சா ஏறுது."

"உங்க வீட்டுலயும் அப்படித்தானாக்கா?"

"எங்க வூட்டுக்காரரு பீடிய எப்படி வுட்டாருன்ற? நான் அழுதா வுட்டாரு? எக்ஸ்ரேவப் பாத்து வுட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

இன்னொரு சம்பவமும் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பாடம் எடுத்தவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த இளைஞர். நல்லவர், ஆனால் ஊருக்குப் புதிது. வைகாசியில் வரதருக்குக் கருட சேவை வந்தது. அன்று விடிகாலையிலிருந்தே ஊரில் பஸ் ஓடாது, சைக்கிள்கூட ஓடாது. வகுப்பில் முக்கால்வாசி நாற்காலி காலி. மறுநாள் சார் கோபத்தில் குதித்தார். முந்தின நாளே சொன்னோமே சார் என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து கத்தினோம். "என்னிடம் யாரும் சொல்லவில்லை" என்று அவரும் கத்தினார். அக்கா எழுந்து போய், ஃபைலிலிருந்து உற்சவ நோட்டீஸை எடுத்து அவர் மேஜை மேல் வைத்தார். ரோஸ் நிறத் தாளில் பத்து நாள் புறப்பாடும் நேரத்தோடு அச்சடித்திருந்தது. "இத்த மொதல்லயே போர்டுல ஒட்டியிருக்கணும் சார். எங்க தப்புதான்" என்றார். சார் அதை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு அடங்கிப்போனார். திரும்பி வந்து உட்கார்ந்த அக்கா என்னிடம், "பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றுதான். அந்தக் காகிதப் பித்தைக் கேலி செய்துகொண்டே அதற்கு எடுபிடி ஆகிப்போனேன். இத்தனை வயதில், குடும்பத்தோடு இருப்பவர், ஒரு மாத விடுப்பைச் செலவழித்து இந்த வகுப்புக்கு ஏன் வருகிறார் என்று கேட்கத் தோன்றவேயில்லை. அமெரிக்கா போகப் போகிற அவசரம் எனக்கு.

மூன்றாவது வாரம் அது தெரிந்தது.

குடும்ப மரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பாடம் அது. அவரவர் குடும்பத்தில் ஏதாவது ஒரு அடையாளத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார் சார். நாக்கைச் சுருட்டத் தெரிவது, காது மடல் ஒட்டியிருப்பது, எதுவும் சரி. நான் என் அப்பா வழி வழுக்கையை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர்; அந்த அடையாளம் உள்ளவர்கள் படத்தில் கறுப்பு. நம்பருக்குப் பக்கத்தில் அவருடைய அப்பா நம்பர், அம்மா நம்பர். கல்யாணமாகி வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அப்பா பூஜ்யம், அம்மா பூஜ்யம். எல்லாம் ஏற்றி முடித்ததும் கறுப்புத் திரையில் நிரல் ஒரு கேள்வி கேட்கும்: இந்தக் குடும்பத்தில் வளையம் உண்டா? இல்லை என்று அடித்துவிட்டு மேலே போங்கள் என்றார் சார். அவர் கொண்டு வந்திருந்த மாதிரிக் குடும்பங்கள் எல்லாம் வெளிநாட்டவை. அவற்றில் வளையம் இல்லை.

எங்களில் பாதிப் பேருக்கு நிரல் நின்றுவிட்டது.

சார் ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள். சொந்தத்தில் கட்டினால் குடும்ப மரத்தில் கோடு சுற்றி வந்து தன்னையே தொட்டுவிடும், அதுதான் வளையம். "இந்த ஊரில் வெளியில் பெண் எடுக்கவே மாட்டீர்களா?" என்றார். "எதுக்கு சார் வெளிய போவணும்?" என்று முன்வரிசையில் ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது.

சார் அதற்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். வளையத்தை நிரலால் அப்படியே விழுங்க முடியாது, எங்காவது ஒரு இடத்தில் வெட்ட வேண்டும். வளையத்தில் இருக்கும் ஒரு ஆளை இரண்டு ஆளாக ஆக்கிவிடுங்கள். பிள்ளையாக ஒரு நம்பர், கணவனாக இன்னொரு நம்பர். இரண்டாவது நம்பருக்கு அப்பா அம்மா பூஜ்யம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரல் உள்ளுக்குள் நினைவு வைத்துக்கொள்ளும், கணக்குத் தப்பாது.

அக்கா அதைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு தன் குடும்பத்தைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ஒன்றும் இரண்டும் அவருடைய அம்மாவைப் பெற்றவர்கள். மூன்று அவர் அம்மா. நாலு, அம்மாவின் தம்பி.

"நாலாம் நம்பர் கல்யாணம் ஆனவராக்கா?"

"எங்க வூட்டுக்காரருப்பா."

தாய்மாமனைக் கட்டியவர். எங்கள் ஊரில் இது ஆச்சரியமே இல்லை, என் சித்தியும் அப்படித்தான். நாலாம் நம்பரை வெட்டி, கணவன் இடத்தில் பதினைந்து என்று போட்டேன். பிள்ளைகள் மூன்று பேர்: பத்து, பதினொன்று, பன்னிரண்டு. எந்த அடையாளத்தை எடுத்துக்கொள்வது என்று கேட்டேன்.

"பதினொண்ணும் பன்னண்டும் கறுப்பு" என்றார். "ரெண்டுக்கும் காது கேக்காது. பொறப்புலருந்து."

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். அவர் குரலைத் தாழ்த்தாமல், லேப்பில் ரிப்போர்ட் படிப்பதுபோலவே மீதியையும் சொன்னார். மூத்த பெண்ணுக்குக் குறை ஒன்றும் இல்லை, பத்தொன்பது வயது. அக்காவின் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் பிறந்த ஒரு பிள்ளை இருக்கிறான், அக்காவின் தம்பி. அந்தப் பெண்ணை அந்தத் தம்பிக்கே கட்டி வைப்பது என்று பேசி முடித்துவிட்டார்கள். ஆவணியில் கல்யாணம்.

"தம்பி தங்கமான புள்ள. குடிக்க மாட்டான், அதிர்ந்து பேச மாட்டான். குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா பெரியவ என்கிட்ட வந்து ஒண்ணே ஒண்ணு கேட்டா. 'எனக்கும் அதுங்க மாதிரியே பொறந்துச்சின்னா இன்னாம்மா பண்றது'ன்னா. நான் நிறுத்திடறேன்னு சொல்லிட்டேன்பா. வாக்கு குடுத்துட்டேன்."

"வீட்டுல சொன்னீங்களா?"

"சொல்லாம? டாக்டரும் சொல்லிட்டாரு. 'கூடப் பொறந்தவனுக்குப் பொண்ணு குடுக்க உனக்கு மனசு வரல'ன்னு எங்க அம்மா அழுவுது. அதுங்க ரெண்டும் எனக்குத் தங்கம்பா, அது வேற. ஆனா அதுங்களத் தூக்கிக்கினு நான் ஏறி எறங்காத வாசல் இல்ல. இவளுக்கு அது வேணாம்."

சாரைக் கூப்பிட்டோம். அவர் போர்டில் கணக்குப் போட்டார். இந்தப் பெண்ணுக்கும் அந்தத் தம்பிக்கும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், காது கேட்காமல் போகப் பன்னிரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று வந்தது. அது குறைச்சல் இல்லை என்றார். நிரலும் அதையே, புள்ளிக்குப் பின்னால் நிறைய இலக்கங்களோடு, ஏகப்பட்ட ஆங்கில வரிகளுக்கு நடுவே கக்கியது. குடும்பத்தைச் சதுரமும் வட்டமுமாகப் படம் போட்டுத் தர இன்னொரு நிரல் இருந்தது.

"ஒரு பிரிண்ட் எடுத்துக்கலாமாப்பா?"

படம் வந்தது. அதில் நாலாம் நம்பர் மேல் வரிசையில் மூன்றாம் நம்பரின் தம்பியாக, கல்யாணம் ஆகாத தனிக்கட்டையாக நின்றார். பதினைந்தாம் நம்பர் கீழ் வரிசையில், எந்தக் கோட்டிலும் சேராமல் எங்கிருந்தோ வந்து அக்காவைக் கட்டியிருந்தார்.

"இது யாரு?"

"அதுவும் உங்க வீட்டுக்காரர்தாங்க்கா."

"ஒருத்தர வெச்சிக்கினே சமாளிக்க முடியல" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

எனக்கு அது உறுத்தியது. உறுத்தவில்லை என்று சொன்னால் பொய். "இதைப் பார்த்தா அவங்களுக்குப் புரியாதுக்கா, நான் கையால வேற படம் போட்டுத் தரேன், ஒரே ஆளாவே போட்டு, சொந்தத்துல கட்டினதுக்கு ரெட்டைக்கோடு போட்டு" என்றேன். அக்கா ஒரே அடியாக மறுத்துவிட்டார். கையால் வரைந்தால் யார் வேண்டுமானாலும் வரையலாமே என்பார்களாம். சரி, இதிலேயே பேனாவால் இரண்டையும் வட்டமிட்டு 'இருவரும் ஒருவரே' என்று எழுதவாவது விடுங்கள் என்றேன். அதற்கும் விடவில்லை. காகிதத்தின் மேல் பேனா பட்டால் அது கெட்டுவிடும் என்பது அவர் எண்ணம். இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்கலாம். அன்று சாயங்காலம் டிவியில் கிரிக்கெட் இருந்தது. நான் கிளம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார். கேள்வி கேட்டால் விளக்கம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். வீட்டில் கூட்டமாக இருந்தது. அக்காவின் அம்மா, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைத் தம்பி, ஒரு மூலையில் வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்திருந்த அவர் கணவர். நடுவில் நாற்காலி போட்டு, குடும்பத்துக்கே பெரியவரான பெரிய மாமா. அக்காவின் அம்மாவுக்கும் அக்காவின் கணவருக்கும் அண்ணன். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த மூத்தவர் அவர்தான். அதனால்தான் அக்காவும் அவர் வரும் நாளாகப் பார்த்திருந்தார்.

மூத்த பெண் எனக்கு மோர் கொடுத்தாள். சின்னவர்கள் இருவரும், பதினான்கு வயதுப் பெண்ணும் பன்னிரண்டு வயதுப் பையனும், தூணோரம் நின்று விரல்களால் ஏதோ பேசிச் சிரித்தார்கள். பையன் மூக்குக்குக் கீழே விரலை வைத்து நெளித்துக் காட்டினான். பெரிய மாமாவின் மீசை என்று உடனே புரிந்தது.

அக்கா ஃபைலைத் திறந்து காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

"மாமா, இத்தக் கொஞ்சம் பாருங்க. கம்ப்யூட்டர் போட்டது."

பெரிய மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவரும் வாழ்க்கை முழுவதும் காகிதத்தோடு இருந்தவர். அவசரப்படவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு கோடாகப் போனார். யார் யார் எந்த நம்பர் என்று கேட்டுக்கொண்டார். நாலாம் நம்பரைத் தொட்டு, "இது யாரு?" என்றார்.

"இவருதான்" என்று அக்கா தன் கணவரைக் காட்டினார்.

"சரி. நீ ஏழு. ஏழு யாரக் கட்டிக்கினு இருக்குது? பதினஞ்ச. பதினஞ்சு யாரு?"

"அதுவும் இவருதான் மாமா."

"பதினஞ்சுக்கு அப்பன் ஆத்தா போடலயே. பூஜ்யம்னு போட்டிருக்குது. பூஜ்யம்னா இன்னா தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

"வெளியிலருந்து வந்தவங்கன்னு அர்த்தம் சார். ஆனா இங்க..."

"இரு, இரு." கண்ணாடியைக் கழற்றினார். "கேட்டுக்கோங்க. கம்ப்யூட்டர் இன்னா சொல்லுது? இவ வெளியில கட்டிக்கினா. அப்டியும் ரெண்டு புள்ள காது கேக்காம பொறந்துது. அப்ப சொந்தத்துல கட்டுனதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு ஆவுது. நான் அன்னிலருந்து அத்தத்தானே சொல்றேன்."

அக்காவின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். வளையம், வெட்டு, இரண்டும் ஒரே ஆள் என்று அவசர அவசரமாக எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய மாமா பொறுமையாகவே கேட்டார்.

"ஒரே ஆள ரெண்டு ஆளா எழுதிட்டீங்க."

"ஆமா சார். கணக்குக்காக."

"கோர்ட்டுல அதுக்குப் பேரு வேற தம்பி."

பன்னிரண்டில் ஒன்று என்ற கணக்கைச் சொன்னேன். அது ஒன்றுதான் கையில் மிச்சம் இருந்தது. அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல பன்னண்டு புள்ள யாருப்பா பெக்கப் போறா? ஒண்ணோ ரெண்டோ" என்றார். மாப்பிள்ளைத் தம்பி தரையைப் பார்த்தான். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக அந்த வாய்ப்பு உண்டு என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

பிறகு பெரிய மாமா அக்காவிடம் திரும்பினார். குரலில் கடுமை இல்லை. "நீ படிச்சவ. நீயே சொல்லும்மா. இந்தப் பேப்பர்ல இருக்கறது நெசமா, பொய்யா? நெசம்னா சொந்தத்து மேல குத்தமில்ல. பொய்யின்னா இத்த ஏன் எடுத்துக்கினு வந்த?"

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அது பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பொய்தான், காகிதத்தைத் தூக்கிப் போடுங்க, நான் பெத்தவ சொல்றேன், இந்தக் கல்யாணம் வேணாம் என்று கத்தியிருந்தால், அந்தத் தம்பியாவது அவர் பக்கம் வந்திருப்பான் என்று இப்போதும் நினைக்கிறேன். அக்கா வாயைத் திறந்தார். காகிதத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். மிஷின் அடித்ததைப் பொய் என்று சொல்ல அந்த வாய்க்குப் பழக்கமில்லை.

மூத்த பெண் மோர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தூணோரம் நின்ற சின்னப் பெண்தான் முதலில் அசைந்தாள். அங்கே பேசிய ஒரு சொல்லும் அவளுக்குக் கேட்டிருக்காது. வந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் முறைத்தாள்.

பெரிய மாமா காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு அது வேண்டியிருந்தது.

தெருமுனை வரை அக்கா என்னுடன் வந்தார். "கையால போட்டுத் தரேன்னு சொன்ன. நான்தான் கேக்கல" என்றார். நான்தான் சண்டை போட்டாவது எழுதியிருக்க வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். அவர் எனக்குச் சமாதானம் சொல்ல வந்திருக்கிறார் என்று புரிந்தபோது அவமானமாக இருந்தது.

கடைசி வாரம் அவர் ஒரு பிரிண்ட்கூடக் கேட்கவில்லை. பிரிண்டர்க்காரர் டீக்குப் போவதை நிறுத்திவிட்டு, "அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று என்னிடம் விசாரித்தார். நான் அடித்ததை அக்கா திரையிலேயே பார்த்துத் தலையாட்டினார். ஆவணியில் கல்யாணம் நடந்தது. எனக்கும் பத்திரிகை வந்தது. போகவில்லை. அதற்குள் அமெரிக்காக் கனவு கலைந்து, சென்னையில் மருந்து விற்கும் வேலையில் இருந்தேன். அந்தப் பயிற்சியை வைத்து எங்கள் வகுப்பில் யாருக்கும் எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

அக்காவைக் கடைசியாகப் பார்த்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து, காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில், காலை ஒன்பது மணிக்கு. சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் பத்து மாதம் இருக்கும் ஒரு ஆண் குழந்தை. கொழுகொழுவென்று, நெற்றியிலும் கன்னத்திலும் மைப்பொட்டோடு, என் பேக்கில் தொங்கிய வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தது.

"பேரனாக்கா?"

"ம். பெரியவளுது. வாலாஜாபாத்ல ஒரு விசேசம், போய்க்கினு இருக்கோம். அவ வாழப்பழம் வாங்கப் போயிருக்கா."

அப்போது எங்களுக்குப் பின்னால் பின்வாங்கிக்கொண்டிருந்த ஒரு பஸ் ஏர்ஹாரனை அழுத்தியது. நான் துள்ளிவிட்டேன். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் டிரைவரின் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். குழந்தை வாரின் நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. கண் இமைக்கவில்லை.

நான் நிமிர்ந்தபோது அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டெஸ்ட் எடுத்தீங்களாக்கா?"

"எதுக்கு? மூணாம் மாசமே எனக்குத் தெரியும். தட்டத் தூக்கிப் போட்டுப் பாத்தேன்."

"சீக்கிரம் பாத்தா காதுக்கு மிஷின் வைக்கலாம்னு சொல்றாங்களே..."

"தெரியும்பா. நான் ஆஸ்பத்திரியிலதானே இருக்கேன்." குழந்தையின் வாயிலிருந்து வாரை மெல்ல எடுத்தார். "ரிப்போர்ட்டுன்னு ஒண்ணு வந்துட்டா அவ கையில குடுக்கணும். குடுத்தா என் மூஞ்சப் பாப்பா. இன்னும் ஒரு மாசம் போவட்டும், இன்னும் ஒரு மாசம் போவட்டும்னு தள்ளிக்கினு இருக்கேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நீ வாயத் தொறக்காத."

அவருக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை.

"அப்பு! அப்பூ!"

பழக்கடைப் பக்கமிருந்து அந்தப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். எங்களைப் பார்த்துவிட்டாள். கையை ஆட்டிக்கொண்டே மறுபடியும் கூப்பிட்டாள். குழந்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா அதன் இடுப்பில் இரண்டு கையையும் கொடுத்து, மடியிலேயே அதை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார். அது எத்தனையோ முறை செய்து பழகிய கை. அம்மாவைக் கண்டதும் குழந்தை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சிரித்தது.

மூச்சு வாங்க வந்து நின்ற அந்தப் பெண்ணுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்:

"பாத்தீங்களாண்ணா? எவ்ளோ கூட்டமா இருந்தாலும் என் கொரல் கேட்டா போதும், உடனே திரும்பிடுவான்."

"ஆமா" என்றார் அக்கா.